கரிவரதன் அமைத்த முதல் படி

உத்திரமேரூரில் பிறந்தவர்களுக்குக் குடவோலை என்ற சொல்லைக் கேட்டாலே ஒரு பெருமிதம் உண்டு. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், ஊரை நிர்வகிக்கும் வாரியத்தாரை எப்படித் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதைக் கல்லில் வெட்டி வைத்த ஊர் எங்களுடையது. தகுதியுடையோர் பெயர்களை ஓலை நறுக்குகளில் எழுதிக் குடத்தில் இட்டு, ஏதுமறியாச் சிறுவன் ஒருவனை அழைத்து எடுக்கச் செய்தார்கள். வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரில் அந்த எழுத்துகள் இன்றும் இருக்கின்றன. ஆசிரியப் பணியில் இருந்த காலத்தில் ஆண்டுதோறும் மாணவர்களை அங்கே அழைத்துச் சென்றிருக்கிறேன்.

அதே கல்வெட்டில் நாங்கள் மேடைகளில் உரக்கச் சொல்லாத செய்தி ஒன்றும் உண்டு. இறை செலுத்தும் கால் வேலிக்கு மேற்பட்ட நிலமும், சொந்த மனையில் கட்டிய வீடும் உடையவர் பெயரே குடத்துக்குள் செல்ல முடியும். எடுக்கும் கை நடுநிலையானதுதான். ஆனால் யாருடைய பெயர் உள்ளே செல்லலாம் என்பதை நிலமும் மனையும் முன்கூட்டியே தீர்மானித்துவிட்டன.

அண்மையில் இருங்காட்டுக்கோட்டையில் நடந்த இளையோர் கார்ட் பந்தயம் ஒன்றைப் பார்த்துவிட்டுத் திரும்பியபோது, வழி நெடுக இந்தக் கல்வெட்டுதான் என் நினைவில் ஓடியது. அதில் ஓட்டியவர்களுள் ஒருவன் என் தங்கையின் பேரன். வயது பதினான்கு. அவன் தந்தை எங்கள் ஊரில் இருசக்கர வாகனம் பழுதுபார்க்கும் பட்டறை வைத்திருக்கிறார். தவழும் பருவத்திலிருந்தே ஸ்பேனர்களோடு வளர்ந்த பிள்ளை அவன்.

கார்ட் என்பது பார்வைக்கு விளையாட்டுப் பொருள் போலத் தோன்றும். இரும்புக் குழாய்களால் ஆன தாழ்ந்த சட்டம், நான்கு சிறு சக்கரங்கள், ஓர் இருக்கை, பக்கவாட்டில் ஓர் எஞ்சின், அவ்வளவுதான். அதிர்வைத் தாங்கும் அமைப்பு எதுவும் இல்லை. இருக்கைப் பட்டையும் இல்லை. பின்சக்கரங்கள் இரண்டும் ஒரே அச்சில் இறுக்கப்பட்டிருப்பதால் ஒரே வேகத்தில்தான் சுழலும். ஆகவே வளைவில் உள்பக்கப் பின்சக்கரம் தரையைவிட்டுச் சற்றே எழும்பினால்தான் வண்டி திரும்பும். அதை எழுப்புவது சட்டத்தின் நெகிழ்வும் ஓட்டுபவரின் எடையும் கைத்திறனும்தான். தரைக்குச் சில அங்குல உயரத்தில் அமர்ந்து செல்லும் சிறுவனுக்குத் தளத்தின் ஒவ்வொரு மேடுபள்ளமும் விலா எலும்பில் பதிகிறது. உலகின் பெரும் பந்தய வீரர்கள் பலரும் இந்தப் பள்ளியிலிருந்து வந்தவர்களே.

எங்கள் பையன் இரவல் வாங்கிய கார்ட்டில் ஓட்டினான். ஒல்லியான உடம்பு என்பதால், விதிப்படி இருக்க வேண்டிய குறைந்தபட்ச எடைக்காக இருக்கையோடு ஈயக் கட்டிகளை இறுக்கினார்கள். கொடி அசைந்ததும் எல்லா வண்டிகளும் முதல் வளைவுக்குள் ஒன்றாகப் புகுந்தன. அவன் பதற்றப்படாமல் வெளிப்புறமாகச் சுற்றி இருவரை முந்தினான். பாதிப் பந்தயம் வரை நான்காவதாக ஓடினான். அதன்பின் பின்சக்கரங்கள் வழுக்கத் தொடங்கின. ஒரு வளைவில் வண்டி சுழன்று நின்றது. கடைசிக்கு முந்தைய இடத்தில் முடித்தான். மற்ற பிள்ளைகள் அன்று காலையில் புதிய டயர்களைப் பூட்டியிருந்தார்கள். அவனுடையவை இரண்டு பந்தயங்கள் ஓடித் தேய்ந்தவை.

அவன் அழவில்லை. கையுறையைக் கழற்றிக் கொப்புளங்களை ஒருமுறை பார்த்தான். பின்பு குனிந்து டயர்களைத் தடவிப் பார்த்தான். பட்டறைக்காரரின் மகன் அல்லவா, காரணம் அவனுக்குப் புரிந்துவிட்டது. அவன் தந்தைதான் வேறு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்த ஒரு நாளுக்கு மட்டும் அவர் செலவிட்டது பட்டறையின் இரண்டு மாத வருமானம்.

அன்றிரவு என் நினைவுக்கு வந்தவர் கோவையின் எஸ். கரிவரதன். இன்றைய இளைஞர்கள் பலருக்கு அவர் ஒரு பந்தயத் தளத்தின் பெயர் மட்டுமே. என் தலைமுறையில் வேகத்தின் மீது ஆசை கொண்டிருந்தவர்களுக்கு அவர் அதற்கும் மேலானவர்.

1954-ஆம் ஆண்டு பிறந்த கரிவரதன், கோவை லட்சுமி மில்ஸ் குடும்பத்தைச் சேர்ந்தவர், ஜி.கே. சுந்தரத்தின் மகன். அந்த ஆலையை 1910-இல் தொடங்கியவர் ஜி. குப்புசாமி நாயுடு. பஞ்சாலைகளோடு வார்ப்படச் சாலைகளும் கடைசல் பட்டறைகளும் பம்புத் தொழிலும் வளர்ந்த நகரம் கோவை. ஜி.டி. நாயுடுவைப் போன்றவர்கள் உலவிய அந்த மண்ணில், ஒரு பொருளை விலைக்கு வாங்குவதைவிடத் தானே செய்து பார்ப்பதில் பெருமை கொள்ளும் மரபு ஒன்று உண்டு. கரிவரதனிடமும் அந்த மரபு வேரூன்றியிருந்தது.

அன்று தென்னாட்டில் கார் பந்தயம் என்றால் சோழவரம்தான். இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளம் அது. 1953-இல் தொடங்கப்பட்ட சென்னை மோட்டார் விளையாட்டுக் கழகம் அங்கே பந்தயங்களை நடத்திவந்தது. கூட்டம் அலைமோதும். ஆனால் ஓட்டியவர்கள் யார்? பெரும்பாலும் அரச குடும்பத்தாரும் ஆலை முதலாளிகளின் வாரிசுகளும்தான். இறக்குமதிக் கட்டுப்பாடுகள் இறுகியிருந்த அந்நாளில், வெளிநாட்டுப் பந்தயக் கார் ஒன்றைக் கொண்டுவர இயன்றவர் சிலரே. கொண்டுவந்தவரோடு உள்ளூர்க் காரில் போட்டியிட்டு வெல்வது அரிது. திறமைக்கும் முன்பாகப் பணப்பை முதல் வளைவை எட்டிவிடும்.

கரிவரதனும் அந்தச் செல்வர் வட்டத்தைச் சேர்ந்தவரே. சோழவரத்தில் அவரும் ஓட்டினார். வசதியுள்ள ஒருவர் தம் வெற்றிகளோடு நிறைவடைந்திருக்கலாம். அவரோ கார்களை வடிவமைத்துக் கட்டும் பணியில் இறங்கினார். அவற்றுள் வரலாற்றில் நிலைத்தது, எண்பதுகளின் பிற்பகுதியில் அவர் உருவாக்கிய ஃபார்முலா மாருதி.

1983-இன் இறுதியில் சாலைக்கு வந்த மாருதி 800, சில ஆண்டுகளிலேயே நாடெங்கும் பரவிவிட்டது. அதன் 796 கன சென்டிமீட்டர், மூன்று உருளை எஞ்சினை எந்த ஊர்ப் பட்டறையிலும் பிரித்துப் பூட்டலாம். உதிரிபாகம் எங்கும் கிடைக்கும். அந்த எளிய எஞ்சினைக் கொண்டு, சக்கரங்கள் வெளியே தெரியும் ஒற்றை இருக்கைப் பந்தயக் காரை அவர் உள்நாட்டிலேயே கட்டினார். உலகின் அதிவேகக் கார்களோடு ஒப்பிட்டால் அது ஒரு சாதுவான வண்டி. ஆனால் போட்டியிடும் எல்லோரிடமும் ஏறத்தாழ ஒரே வண்டி. ஆகவே முந்துபவர் தம் கைத்திறனால்தான் முந்த வேண்டும். புதிதாக வருபவர் சொத்தை விற்காமல் பந்தயத்துக்குள் நுழையவும் ஒரு வழி பிறந்தது.

ஐரோப்பாவிலும் தென் அமெரிக்காவிலும் இந்தப் பணியைக் கார்ட் செய்துவந்தது. 1956-இல் கலிஃபோர்னியாவில் ஆர்ட் இங்கல்ஸ் என்ற பந்தயக் கார்த் தொழில்நுட்பர், புல்வெட்டும் இயந்திரத்தின் எஞ்சினைக் குழாய்ச் சட்டத்தில் பூட்டி முதல் கார்ட்டைச் செய்தார். பிரேசிலின் அயர்டன் சென்னாவுக்கு நான்கு வயதில் தந்தை செய்துகொடுத்த கார்ட்டிலும் புல்வெட்டி எஞ்சின்தான் இருந்தது. பதின்மூன்றாம் வயதில் அவர் கார்ட் பந்தயத்தில் இறங்கினார். பின்னாளில் மூன்று முறை ஃபார்முலா ஒன் உலக வாகையர் ஆனார். அன்றைய இந்தியாவில் ஒரு சிறுவன் ஏறிப் பழக அத்தகைய படி இல்லை. கரிவரதன் அந்த இடத்தில் தம் காரை வைத்தார்.

பந்தயத்துக்கெனவே அமைந்த நிலையான தளம், 1990-இல் எங்கள் மாவட்டத்து இருங்காட்டுக்கோட்டையில் திறக்கப்பட்டது. சில ஆண்டுகளுக்குள் கோவையைச் சேர்ந்த பதினைந்து வயதுச் சிறுவன் ஒருவன் அங்கே ஃபார்முலா மாருதியில் தன் முதல் பந்தயத்தை ஓட்டினான். முதல் முயற்சியிலேயே பரிசு மேடையில் ஏறினான். அவன்தான் நாராயண் கார்த்திகேயன். 2005-இல் ஜோர்டான் அணிக்காக ஓட்டி, ஃபார்முலா ஒன் பந்தயத்தில் பங்கேற்ற முதல் இந்தியர் ஆனவர். அவருடைய தந்தை ஜி.ஆர். கார்த்திகேயனும் ராலிப் பந்தயங்களில் பெயர் பெற்றவர். ஆகவே நாராயண் வெறுங்கையோடு வந்தவர் அல்லர். ஆயினும், அவர் கால் வைக்க உள்நாட்டில் ஒரு முதல் படி தேவைப்பட்டது. அந்தப் படி கோவையில் செய்யப்பட்டிருந்தது.

நாராயண் ஃபார்முலா ஒன்னை எட்டியதைக் காணக் கரிவரதன் இல்லை. 1995 ஆகஸ்ட் 24 அன்று விமான விபத்தில் அவர் மறைந்தார். அப்போது அவருக்கு வயது 41. அதற்கு முந்தைய ஆண்டு மே முதல் நாளில்தான் சென்னா இத்தாலியின் இமோலா தளத்தில் உயிரிழந்திருந்தார். கோவை அருகே செட்டிபாளையத்தில் முன்னாள் பந்தய வீரர் பி. விஜயகுமார் அமைத்து, 2003-இல் திறக்கப்பட்ட தளம் கரிவரதனின் பெயரைத் தாங்கி நிற்கிறது. தமிழகத்தின் இளம் ஓட்டுநர்கள் எத்தனையோ பேர் அங்கே பழகியிருக்கிறார்கள்.

அவரை மிகைப்படுத்த நான் விரும்பவில்லை. உழவர் வீட்டுப் பிள்ளையையோ தொழிலாளி வீட்டுப் பிள்ளையையோ பந்தயக் காரில் ஏற்றி அமர்த்தும் அளவுக்கு ஃபார்முலா மாருதியும் மலிவானதல்ல. நடுத்தர வசதியுள்ளோர் எட்டும் உயரத்துக்கு வாசற்படியை அவர் இறக்கினார். அதற்குக் கீழே இறக்குவது பின்வந்தோரின் கடமை. அதைச் செய்தோமா என்பதே கேள்வி.

இன்று படி இருக்கிறது. கார்ட் பந்தயத்துக்குத் தேசிய அளவில் போட்டிகள் நடக்கின்றன. 2024-இல் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி, அரசின் ஆதரவோடு இரவு நேர ஃபார்முலா 4 பந்தயமே நடந்தேறியது. ஆயினும் கார்ட்டும் எஞ்சினும் டயர்களும் பயிற்சியும் சேர்ந்து, அந்த முதல் படியையே சாமானியர் எட்டாத உயரத்தில் வைத்திருக்கின்றன. எங்கள் மாவட்டம் கார்களை உற்பத்தி செய்து உலகெங்கும் அனுப்புகிறது. ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத் தொழிற்சாலைகளுக்கு விடியுமுன் பேருந்து ஏறிச் செல்வோர் எங்கள் ஊர்களில் ஏராளம். அவர்கள் பூட்டும் வண்டிகள் கடல் கடக்கின்றன. பக்கத்திலேயே உள்ள பந்தயத் தளத்தின் வாசலை அவர்கள் பிள்ளைகள் கடப்பதில்லை.

பசியும் வறட்சியும் உள்ள நாட்டில் இது ஒரு குறையா என்று சிலர் கேட்கக்கூடும். நானும் முன்பு அப்படி நினைத்தவன்தான். ஆனால் இரவு நேரங்களில் நெடுஞ்சாலைகளில் தலைக்கவசமின்றி இருசக்கர வாகனங்களில் பந்தயம் ஓட்டும் இளைஞர்களைப் பாருங்கள். அந்த வேட்கையை அறிவுரையால் அடக்க முடியாது என்பதை முப்பது ஆண்டு ஆசிரியப் பணி எனக்குக் கற்றுக்கொடுத்தது. வேகத்துக்கு ஒரு வேலியும் விதியும் மருத்துவ உதவியும் உள்ள இடத்தை நாம்தான் காட்ட வேண்டும். அதோடு, கார்ட் ஓட்டும் பிள்ளை உலோகத்தையும் உராய்வையும் எடைப் பகிர்வையும் தன் உடம்பாலேயே படிக்கிறான். வகுப்பறையில் என்னால் அப்படிக் கற்பிக்க முடிந்ததில்லை.

கரிவரதன் காட்டிய வழி இதற்குப் போதுமானது. உள்நாட்டு எஞ்சின், உள்ளூரில் செய்யும் சட்டம், எல்லோருக்கும் ஒரே வண்டி. நம் தொழிற்பயிற்சி நிலையங்களிலும் பாலிடெக்னிக்குகளிலும் மாணவர்களே கார்ட்டுகளைக் கட்டலாம். தொழிற்சாலைகள் தம் சமூகப் பொறுப்பு நிதியில் ஒரு பகுதியை இதற்கு ஒதுக்கலாம். தளங்கள் மாதத்தில் ஒரு நாளை அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குத் திறந்துவிடலாம். யாருக்கு எந்த வண்டி என்பதைக் குலுக்கலில் தீர்மானிக்கலாம். புகழ்பெற்ற ரோடாக்ஸ் மேக்ஸ் உலக இறுதிப் போட்டியிலேயே வண்டிகளைக் குலுக்கல் முறையில்தான் வழங்குகிறார்கள். அந்த முறையை உத்திரமேரூருக்கு யாரும் வந்து சொல்லித்தர வேண்டியதில்லை. குடத்துக்குள் எல்லோர் பெயரும் போக வேண்டும் என்பதை மட்டும் நாம் புதிதாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

சென்ற வாரம் பட்டறைக்குப் போயிருந்தேன். தரையில் இரும்புக் குழாய்கள் சில அளந்து வெட்டிக் கிடந்தன. ஓரத்தில் பழைய ஸ்கூட்டர் எஞ்சின் ஒன்று பிரித்து வைக்கப்பட்டிருந்தது. பையன் சுண்ணக்கட்டியால் சிமென்ட் தரையில் சட்டத்தின் வடிவத்தை வரைந்துகொண்டிருந்தான். பின்னச்சு எங்கே அமைய வேண்டும் என்பதில் தந்தைக்கும் மகனுக்கும் கருத்து வேறுபாடு. நெடுநேரம் விவாதித்தார்கள். இறுதியில் தந்தை சுண்ணக்கட்டியை மகனிடமே கொடுத்துவிட்டு, குழாயைப் பிடித்துக்கொள்ள என்னை அழைத்தார்.