லூயிஸ் வைத்த இரண்டு புள்ளிகள்

பள்ளியில் தனிமக் குறியீடுகளைச் சுற்றிப் புள்ளிகள் வைத்துப் பழகியிருப்போம். அந்தப் புள்ளிகளுக்கு உரியவர் கில்பர்ட் நியூட்டன் லூயிஸ். 1875ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பிறந்தவர். ஹார்வர்ட், ஜெர்மனி, மணிலா என்று சுற்றிவிட்டு 1912ல் பெர்க்லிக்கு வந்தார், கடைசிவரை அங்கேதான்.

சோடியம் ஓர் எலக்ட்ரானைக் குளோரினுக்குக் கொடுத்துவிட, எதிரெதிர் மின்னேற்றங்கள் ஈர்த்துக்கொண்டு உப்பாகின்றன. சரி, இரண்டு ஹைட்ரஜன் அணுக்களில் எது கொடுக்கும், எது வாங்கும்? இரண்டும் ஒன்றுபோலத்தானே! கொடுக்கல் வாங்கலே இல்லை, இரண்டு எலக்ட்ரான்களை அவை பொதுவில் வைத்துக்கொள்கின்றன என்று 1916ல் லூயிஸ் எழுதினார். பாகம் பிரிக்காத குடும்பச் சொத்து என்று நான் நினைத்துக்கொள்வேன். தண்ணீர் முதல் நம் உடலின் புரதம் வரை இந்தப் பிணைப்புதான்.

இக்கருத்தை விரித்துப் பரப்பிய லாங்மூர் 1919ல் அதற்குக் 'கோவேலண்ட்' என்று பெயரும் சூட்டினார். மேற்பரப்பு வேதியியலுக்காக அவருக்கு 1932ல் நோபல் கிடைத்தது. லூயிஸின் மாணவர் யூரேக்கு 1934ல். நாற்பது முறைக்குமேல் முன்மொழியப்பட்டும் லூயிஸுக்கு இல்லை. நோபல் குழுவின் பெரும்பிழைகளில் ஒன்றாகவே இதை நான் கருதுகிறேன்.

1946 மார்ச் 23 அன்று, ஹைட்ரஜன் சயனைடைக் கொண்டு சோதனை செய்துகொண்டிருந்த லூயிஸ் பெர்க்லி ஆய்வகத்திலேயே இறந்துகிடந்தார். இதயநோய் என்று முடிவாயிற்று.