வலிய கப்பித்தான் டிலனாய்

நமது ராதாபுரம் தாலுகாவிலுள்ள வடக்கன்குளத்தினின்று ஆரல்வாய்மொழிக் கணவாயைக் கடந்து, நாகர்கோவில் வழியே தக்கலைக்குச் செல்வோர் புலியூர்க்குறிச்சியில் உதயகிரிக் கோட்டையைக் காண்பர். அதனுள், கூரையிழந்த தேவாலயம் ஒன்றில் அடங்கியிருக்கும் படைக்கல ஆசிரியரின் வரலாற்றை நம் அங்கத்தினர்க்கும் அவர்தம் மக்கட்கும் சுருங்கக் கூற விரும்புகின்றோம்.

யுஸ்தாகியுஸ் டிலனாய் 1715-இல் ஐரோப்பாவிற் பிறந்தவர். டச்சுக் கம்பெனியின் போர்ச்சேவகராய் மலையாளக் கரையை அடைந்தவர். மிளகு வாணிபம் பற்றி அக்கம்பெனிக்கும் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவுக்கும் மூண்ட பகை 1741-இல் குளச்சற் போராய் முற்றியது. டச்சுக்காரர் தோற்றனர். சிறைப்பட்டோருள் டிலனாயும் ஒருவர். சிலர் அவரை டச்சுத் தளபதி என்றே எழுதிவிடுவர். அத்துணை உயர்பதவி அவர்க்கு அங்கு இருந்ததாக நாம் கருதவில்லை. கைதியின் தகுதியை அறிந்து அவனையே ஆசானாக்கிய மன்னரின் மதிநுட்பமன்றோ வியக்கத்தக்கது!

முதலில் அரண்மனை மெய்காப்பாளர் சிலர்க்கே அவர் பயிற்சி அளித்தார். தென்னாட்டுக் களரிகளிற் பயின்றோர் வாளிலும் கேடயத்திலும் வல்லவர். ஒருவரோடொருவர் பொருதுங்கால் எவர்க்கும் இளையார். ஆயினும் வரிசை குலையாது நிற்றல், ஒரே கட்டளைக்குத் துப்பாக்கியைக் கெட்டித்தல், ஒருங்கே சுடுதல், அருகில் நிற்பவன் வீழினும் அவ்விடத்தை நிரப்பி முன்னேறுதல் ஆகியன வேறொரு வித்தை. தன் திறமையையே நம்பிப் பழகிய வீரனைப் பக்கத்திலிருப்பவனை நம்பி நிற்கச் செய்வது எளிதோ? அதனை அவர் செய்து முடித்தார். அப்படையே 1746-இல் காயங்குளத்தை வென்றது. உதயகிரிக் கோட்டையைப் புதுக்கி, அங்கே பீரங்கி வார்க்கும் பட்டறையும் அமைத்தார். படிப்படியாய் உயர்ந்து வலிய கப்பித்தான் என்னும் சேனாபதிப் பட்டமும் பெற்றார். வடக்கெல்லையில் அவர் மேற்பார்வையில் எழுந்த நெடுங்கோட்டையே, அவர் மறைந்து பன்னிரண்டு ஆண்டுகளுக்குப்பின், 1789 டிசம்பரில் திப்பு சுல்தானின் முதல் தாக்குதலைத் தடுத்தது.

உதயகிரியில் அவரோடு பழகிய அரசு அலுவலர் நீலகண்ட பிள்ளை, அவர்வழிக் கிறிஸ்தவ சமயத்தை அறிந்து, 1745-இல் நமது வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார். 1752-இல் ஆரல்வாய்மொழியில் உயிர்துறந்த அவரைக் கத்தோலிக்கத் திருச்சபை 2022-இல் புனிதராக அறிவித்தது.

களக்காட்டுச் சீமை யாருக்குரியது என்று ஆர்க்காட்டு நவாபுக்கும் திருவிதாங்கூருக்கும் நெடுநாளாய் வழக்கிருந்தது. 1765-இல் களக்காட்டில் நிகழ்ந்த போரில் டிலனாயின் மகன் யோவான் மாண்டான், வயது இருபதே. தாம் பழக்கிய சேனையிலே தம் மகனையும் நிறுத்தியிருந்த தந்தைக்கு அச்செய்தி எவ்வாறிருந்திருக்கும்? மறு ஆண்டு உடன்படிக்கையில் அக்களக்காட்டின் உரிமையைத் திருவிதாங்கூர் கைவிட்டது. டிலனாயோ சேவையைக் கைவிடவில்லை. மார்த்தாண்ட வர்மாவுக்குப்பின் தர்மராஜாவிடமும் பணிபுரிந்து, 1777 ஜூன் 1-ஆம் நாள் உதயகிரியில் இறந்தார். அவர் கல்லறையில் லத்தீனோடு தமிழும் பொறிக்கப்பட்டுள்ளது.