ஹென்றி வாட்ஸன் ஃபௌலர்

ஆங்கில பாஷையைக் கற்கும் நமக்குப் பெரிதும் இடர் விளைப்பன அரும்பதங்கள் அல்ல, எளிய வினைச்சொற்களே. அகராதியிலன்றிக் காணாத நெடுஞ்சொல்லை நாம் ஐயுற்று நோக்கியே எழுதுகின்றோம். ஆதலின் அதிற் பிழைபடுதல் அரிது. நாள்தோறும் வழங்கும் சிறு சொற்களையோ அறிந்தனவாகவே கொண்டு, ஒன்று நிற்க வேண்டிய இடத்தில் மற்றொன்றை எழுதிவிடுகின்றோம். இக்குறை நமக்கே உரியதன்று. ஆங்கிலரும் இதற்கு விலக்கல்லர். அவர்தம் தடுமாற்றத்தைக் களையும் பொருட்டுத் தம் பிற்காலத்தைச் செலவிட்டவர் ஹென்றி வாட்ஸன் ஃபௌலர் என்னும் பெரியார். அவருடைய சரிதத்தை இங்குச் சுருக்கி வரைவோம்.

ஃபௌலர் 1858ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 10ஆம் நாள், இங்கிலாந்தில் கெண்டு மாகாணத்தைச் சார்ந்த டன்பிரிட்ஜ் என்னும் ஊரிற் பிறந்தார். தந்தையார் ஓர் உபாத்தியாயர். மக்கள் எண்மருள் இவரே மூத்தவர். ரக்பி பாடசாலையிலும், பின்னர் ஆக்ஸ்போர்டு சர்வகலாசாலையைச் சார்ந்த பேலியல் கலாசாலையிலும் பயின்றார். 1879இல் தந்தையார் காலமாகவே, குடும்பத்திற்குத் தலைமகன் என்னும் பொறுப்பு இவரைச் சார்ந்தது. 1882இல், அந்நாளில் யார்க்ஷயரைச் சார்ந்திருந்த செட்பர் பாடசாலையில் ஆசிரியராக அமர்ந்து, பதினேழு ஆண்டுகள் லத்தீன், கிரேக்கம், ஆங்கிலம் ஆகிய பாஷைகளைக் கற்பித்தார்.

அங்கு மாணவர் இல்லம் ஒன்றனுக்குத் தலைவராகும் பேறு அவருக்கு வாய்க்கவிருந்தது. அப்பதவியை ஏற்பவர், திருச்சபையில் திடப்படுத்தல் பெறுதற்கு மாணவரை ஆயத்தஞ் செய்தல் வேண்டும். ஃபௌலரோ சமய நம்பிக்கையில் உறுதியற்றவராயிருந்தார். தாம் மனமாரக் கொள்ளாத ஒன்றைக் கொண்டவர்போல் நின்று இளைஞர்க்குப் போதித்தல் தகாது என்று அவர் கருதினார். இணங்கியிருப்பின் வருவாயும் மதிப்பும் உயர்ந்திருக்கும்; வாளாவிருந்திருப்பின் வினவுவார் அரியர். எனினும் அவர் இணங்கவில்லை. 1899இல் தமது நாற்பத்தோராம் பிராயத்தில் உத்தியோகத்தையே துறந்தார். அவருடைய கொள்கை நமக்கு உடன்பாடன்றெனினும், வாயினாற் சொல்வதும் உள்ளத்தில் உள்ளதும் ஒன்றாயிருத்தல் வேண்டும் என்னும் அவ்வுறுதியை நாம் மதித்தே ஆகவேண்டும். பின்னாளில் அவர் சொற்களை ஆராய்ந்த முறைக்கும் இதுவே அடிப்படை எனலாம்.

இலண்டன் நகரில் எளிய முறையில் வசித்து, பத்திரிகைகளுக்கு வியாசங்கள் வரைந்து சில ஆண்டுகள் கழித்தபின், 1903இல் கெர்ன்ஸி தீவுக்குச் சென்றார். அங்கு அவர்தம் இளைய சகோதரர் பிரான்ஸிஸ் தக்காளி பயிரிட்டு வந்தார். சகோதரர் இருவரும் அண்மையிலேயே தனித்தனிக் குடில்களில் வசித்துக்கொண்டு, நூலியற்றுவதில் ஒருவர்க்கொருவர் துணையாயினர். லூஷியன் என்னும் கிரேக்க ஆசிரியரின் நூல்களை இருவருமாக மொழிபெயர்த்து 1905இல் வெளியிட்டனர். அதற்கு அடுத்த ஆண்டில் வெளிவந்ததே 'தி கிங்ஸ் இங்கிலிஷ்' என்னும் நூல். மெய்யாகவே அச்சேறிய பத்திரிகைகளினின்றும் நூல்களினின்றும் பிழை வாக்கியங்களைத் திரட்டி, ஒவ்வொன்றும் ஏன் பிழை என்று அதில் விளக்கினர்.

அந்நூலில் 'ஷால்', 'வில்' என்னும் இரு துணைவினைகளுக்கு மட்டும் பல பக்கங்கள் ஒதுக்கப்பெற்றுள்ளன. பழைய விதிப்படி, தன்மையிடத்தில் வெறும் எதிர்காலத்தை உணர்த்துவது 'ஷால்'. முன்னிலையிலும் படர்க்கையிலும் உணர்த்துவது 'வில்'. இவற்றை இடமாற்றி வழங்கினால், தன்மையில் 'வில்' பேசுவோனது துணிவையும், ஏனைய இடங்களில் 'ஷால்' அவனது கட்டளையையும் குறிக்கும். ஆற்றில் வீழ்ந்தான் ஒருவனைப் பற்றிய பழங்கதை ஒன்று உண்டு. தான் மூழ்கப்போவதாகவும் தன்னைக் காப்பார் இலர் எனவும் அவன் அலறக் கருதினான். ஆனால் இரு வினைகளையும் மாற்றி உரைத்தான். தான் மூழ்கத் துணிந்துவிட்டதாகவும் தன்னை ஒருவரும் காத்தலாகாது எனவும் பொருள்படவே, கரையிலிருந்தோர் அவன் விருப்பிற்கிணங்கிச் சென்றனராம்! தென்னிங்கிலாந்தில் பிறந்தார்க்கு இவ்வேறுபாடு இயல்பாகவே அமையும் என்றும், ஏனையோர் பயின்று பெறுதல் மிக அரிது என்றும் ஃபௌலர் சகோதரரே ஒப்புக்கொண்டுள்ளனர்.

1908இல், தமது ஐம்பதாம் பிறந்தநாளன்று, ஃபௌலர் விவாகம் செய்துகொண்டார். 1911இல் சகோதரர் இருவரும் தொகுத்த ஆக்ஸ்போர்டு சுருக்க அகராதி வெளியாயிற்று. ஆக்ஸ்போர்டுப் பேரகராதியோ 1928வரை முற்றுப்பெறவில்லை. பெருநூல் முடியுமுன்னரே அதன் சுருக்கத்தை முடித்தல் எத்துணை அரிய செயல் என்பதை நேயர்கள் ஊகித்தறியலாம்.

1914இல் ஐரோப்பிய மகாயுத்தம் மூண்டது. பிறரைப் போருக்கு ஏவிவிட்டுத் தாம் வீட்டிலிருத்தல் நேர்மையன்று என்று எண்ணிய ஃபௌலர், 1915இல் சேனையிற் சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 57. அவர் சொன்னதோ 44. இது பொய்யே, இதனை மெய்யென்று நாம் சாதிக்கப் புகோம். செட்பரில் மௌனத்தினாலும் பொய் கூற ஒருப்படாத அவர், இங்கு வெளிப்படையாகவே பொய் கூறினார். ஆயினும் அப்பொய்யினால் அவர் அடைய விரும்பியது இலாபமன்று. இளைஞருக்கு நேரும் ஆபத்தில் ஒரு பங்கே. பிரான்சு தேசம் சென்றபின் முதியோர்க்குப் போர்முனை கிடைக்கவில்லை. சில்லறை வேலைகளே கிடைத்தன. மனம் வருந்தியவராய் 1916இல் தாயகம் மீண்டார். உடன் சென்ற பிரான்ஸிஸ் காசநோய்ப்பட்டு 1918இல் இறந்தார்.

இருவருமாகக் கருதித் தொடங்கிய பெருநூல் ஒன்று அப்போது முற்றுப்பெறாது கிடந்தது. ஃபௌலர் தனியராகவே அதனை எழுதி முடித்து, 1926இல் 'எ டிக்ஷனரி ஆவ் மாடர்ன் இங்கிலிஷ் யூஸேஜ்' என்னும் பெயரால் வெளியிட்டு, மறைந்த தம்பிக்கே உரிமையாக்கினார்.

அந்நூல் பிரித்துக் காட்டும் இரட்டை வினைகளில் 'லை', 'லே' என்பன நமக்கு மிகவும் பயன்படுவன. 'லை' என்பது கிட என்னும் தன்வினை. 'லே' என்பது கிடத்து என்னும் பிறவினை. இவ்வளவில் தமிழ் மாணவனுக்கு மயக்கமில்லை. ஆனால் 'லை' என்பதன் இறந்தகாலமும் 'லே' என்றே ஆகின்றது, இடரெல்லாம் இங்கேதான். கிடந்தது என்பதற்கு 'லே', கிடத்தினான் என்பதற்கு 'லெயிட்', கிடந்துள்ளது என்னுமிடத்து 'லெயின்' என்று நினைவிற் கொள்வோமாயின் பிழைபடோம். பொய் கூறுதலைக் குறிக்கும் 'லை' வேறொரு சொல்; அதன் இறந்தகாலம் 'லைட்' என்பதாம்.

'ஸப்ஸ்டிட்யூட்', 'ரிப்ளேஸ்' என்பவையும் இத்தகையனவே. நெய்யை நீக்கி எண்ணெய் இட்டோமாயின், முன்னதற்குச் செயப்படுபொருள் புதிதாய்ப் புகுந்த எண்ணெய். பின்னதற்கோ நீங்கிய நெய். இவற்றை மாற்றி எழுதின், சட்டியில் உள்ளது எது என்பதே வாசிப்பவர்க்கு விளங்காது.

ஃபௌலர் நாள்தோறும் ஓடியும் நீந்தியும் உடலைப் பேணி, ஸாமர்ஸெட் மாகாணத்து ஹிண்டன் செயின்ட் ஜார்ஜ் என்னும் சிற்றூரில் இறுதிவரை அகராதித் தொண்டு புரிந்தார். 1930இல் மனைவியாரை இழந்தார்; 1933 டிசம்பர் 26ஆம் நாள் தாமும் இவ்வுலக வாழ்வை நீத்தார். அவருடைய நூல் 1965, 1996, 2015 ஆகிய ஆண்டுகளிற் பிறரால் திருத்தி வெளியிடப்பெற்றது. அவர் வற்புறுத்திய 'ஷால்', 'வில்' வேறுபாடு இந்நாளில் பெரும்பாலும் வழக்கொழிந்தது. 'லை', 'லே' வேறுபாடோ செவ்விய எழுத்தில் இன்றும் நிலைபெற்றுளது. விதிகள் மாறலாம். எழுதுமுன் நாம் கருதியது இதுதானோ என்று நம்மையே வினவிக்கொள்ளும் வழக்கம் மாறவேண்டியதில்லை. பரீட்சைத் தாளில் ஒரு வினைச்சொல்லின்முன் நம் எழுதுகோல் தயங்கி நிற்குமாயின், அத்தயக்கம் அறியாமையன்று. ஃபௌலர் நமக்கு வைத்துச் சென்ற ஆஸ்தியே அது.