கொடைக்கானலில் கண்மூடிய டாக்டர் ஐடா ஸ்கடர்



வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரி என்றால் நம்ம மலையில் எல்லோருக்கும் தெரியும். அதை ஆரம்பித்த டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையார் கடைசிக் காலத்தில் வாழ்ந்தது நம்ம கொடைக்கானலில்தான். இது எனக்கே போன மாதம்தான் தெரிந்தது.

ஐடா 1870 டிசம்பர் 9ஆம் தேதி ராணிப்பேட்டையில் பிறந்தார். தாத்தா 1819இல் அமெரிக்காவிலிருந்து கப்பல் ஏறி இலங்கைக்கு வந்த மிஷனரி டாக்டர். அப்பாவும் மிஷனரி டாக்டர். ஆனால் ஐடாவுக்கு அந்த வேலை பிடிக்கவே இல்லை. சின்ன வயதில் பஞ்சத்தில் பிள்ளைகள் பட்டினி கிடப்பதைப் பார்த்திருந்தார். அமெரிக்காவில் படித்து அங்கேயே வசதியாக இருந்துவிட ஆசைப்பட்டார். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்றுதான் 1890இல் திண்டிவனம் வந்தார்.

ஒருநாள் ராத்திரி ஒரு பிராமணர் வந்து கதவைத் தட்டினார். மனைவிக்குப் பிரசவ வலி, ஐடா வந்து பார்க்க வேண்டும் என்றார். ஐடா தான் டாக்டர் இல்லை, அப்பாவை அழைத்துப் போங்கள் என்றார். ஆண் டாக்டர் பெண்ணைப் பார்க்கக் கூடாது என்று அவர் போய்விட்டார். பிறகு ஒரு முஸ்லிம் வந்தார். அப்புறம் இன்னொரு இந்து வந்தார். மூவருக்கும் அதே கஷ்டம், மூவரும் சொன்னதும் அதே பதில்.

அன்று ராத்திரி ஐடா தூங்கவில்லை. விடிய விடிய ஜெபம் செய்தார். காலையில் விசாரித்தால் மூன்று பெண்களுமே இறந்துவிட்டார்கள். கடவுள் தன்னைத்தான் கூப்பிடுகிறார் என்று ஐடாவுக்குப் புரிந்தது. டாக்டருக்குப் படிக்கப் போகிறேன் என்று அப்பா அம்மாவிடம் சொல்லிவிட்டார்.

அமெரிக்காவில் 1899இல் படிப்பை முடித்து, 1900இல் வேலூர் வந்தார். அதே வருஷம் அப்பா இறந்துபோனார். ஆனாலும் ஐடா திரும்பிப் போகவில்லை. ஒரே ஒரு கட்டிலோடு வைத்தியம் ஆரம்பித்தார். ஷெல் என்பவர் இறந்துபோன தன் மனைவி நினைவாகக் கொடுத்த 10,000 டாலரில் 1902இல் 40 படுக்கை ஆஸ்பத்திரி எழுந்தது. குடியாத்தம் போகிற வழியில் ரோட்டோர மரத்தடியிலும் நோயாளிகளைப் பார்த்தார். 1918இல் பெண்களுக்கு மருத்துவப் பள்ளி தொடங்கினார். பெண்களால் முடியுமா என்று பலர் சந்தேகப்பட்டார்கள். ஆனால் முதல் பரீட்சையில் 14 பெண்களும் பாஸ்! ஐடா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. 1946இல் ஓய்வு பெற்று, கொடைக்கானலில் ஹில்டாப் என்ற வீட்டில் வாழ்ந்தார். 1960 மே மாதம் அங்கேயே 89 வயதில் காலமானார்.

எங்க வீட்டில் தினமும் ராத்திரி ஜெபம் உண்டு. நான் ஒரு லிஸ்ட்டே சொல்வேன். கணக்கில் பாஸாகணும், அப்பாவுக்குத் தோட்ட வேலை கிடைக்கணும், மழை பெய்யணும். ஆமென் சொன்னதும் தூங்கிடுவேன். கடவுள் என்கிட்ட ஏதாவது கேட்பார்னு நினைச்சதே இல்லை. ஐடா அம்மையார் அன்னைக்குத் தன் ஆசையைக் கடவுள்கிட்ட விட்டுக்கொடுத்தார். அதுதான் நிஜமான நெருக்கம்னு எனக்குத் தோணுது.

எங்க ஊருக்கு பஸ் கிடையாது. போன வருஷம் சித்திக்கு வலி வந்தப்போ ராத்திரியில் டோலி கட்டித்தான் தூக்கிட்டுப் போனாங்க. நான் பந்தம் பிடிச்சு முன்னாடி நடந்தேன். கீழே ஆஸ்பத்திரியில் ஒரு லேடி டாக்டர் முழிச்சிருந்தாங்க. சித்தியும் பாப்பாவும் பிழைச்சாங்க. அந்த டாக்டர் இல்லைன்னா என்ன ஆகியிருக்கும்னு இப்பவும் பயமா இருக்கு.

நான் என்ன ஆவேன்னு தெரியாது. ஆனா இப்பல்லாம் ஆமென் சொன்ன பிறகும் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருக்கேன்.

— 9ஆம் வகுப்பு மாணவி