ஸர் வில்லியம் பெட்டி

ஒரு குடும்பத்தின் செல்வநிலையை அறிய விரும்புவோர் கைப்பொருளை மாத்திரம் எண்ணி அமைவதில்லை. நிலம், வீடு, கிணறு, கால்நடை இவை எவ்வளவு உள, ஆண்டுதோறும் இவை பெருகுகின்றனவா, தேய்கின்றனவா என்பவற்றையும் ஆராய்வர். இவ்வாராய்ச்சியை ஒரு தேசம் முழுமைக்கும் செய்யத் துணிந்த முன்னோடி ஸர் வில்லியம் பெட்டி என்பார். அவர் சரிதத்தை ஈண்டுச் சுருக்கி வரைவாம்.

இவர் 1623-ஆம் ஆண்டில் இங்கிலாந்து தேசத்து ரோம்ஸி என்னும் ஊரில் ஆடை நெய்விப்பார் ஒருவருக்கு மகனாய்ப் பிறந்தார். இளமையிலேயே கப்பலிற் பணியாளாய்ச் சென்று, கால் முறிந்து, பிரெஞ்சுக் கரையில் விடப்பட்டார். அந்நிலையிலும் ஊக்கங் குன்றாராய், கான் நகரத்து யேசு சபையாரிடம் கல்வி பயின்றார். பின்னர் வைத்திய நூல் கற்று ஆக்ஸ்போர்டில் உடற்கூற்று ஆசிரியரானார். 1650-இல் தூக்கிலிடப்பட்டு இறந்தாளென்று கருதப்பெற்ற ஆன் கிரீன் என்பாளிடம் உயிர்க்குறி கண்டு, தோழருடன் சேர்ந்து அவளைப் பிழைப்பித்தமையால் இவர் புகழ் பரவிற்று.

1652-இல் சேனை வைத்தியராய் அயர்லாந்து சென்றார். ஆங்கு ஐரிஷ் மக்களிடமிருந்து பறிக்கப்பட்ட நிலங்களைப் போர்வீரர்க்கும், போருக்குப் பணம் உதவினோர்க்கும் பங்கிட வேண்டியிருந்தது. அந்நிலங்களை அளக்கும் பணியை இவர் ஏற்றார். வேலையைப் பல கூறுகளாக்கி, போர்வீரரையே பழக்கி, 1655, 1656-ஆம் ஆண்டுகளில் முடித்தார். இவருக்கும் கெர்ரி நாட்டிற் பெருநிலம் சேர்ந்தது. அளவு செவ்விதே; ஆயினும் அளக்கப்பட்ட நிலம் எவருடையது என்னும் வினாவிற்கு அச்சங்கிலி விடை கூறவில்லை.

1661-இல் ஸர் பட்டம் பெற்றார். 1665-இல் டச்சுக்காரரோடு போர் மூண்டபோது வரிச்சுமை நிலமுடையோர்மேலே மிகுதியும் விழுதலைக் கண்டு, நாட்டின் உடைமையனைத்தையும் கணக்கிட்டார். அவர் மதிப்பின்படி நிலம் 14 கோடியே 40 லட்சம் பவுன். வீடுகள் 3 கோடி. கப்பல்கள் 30 லட்சம். கால்நடை 3 கோடியே 60 லட்சம். நாணயம் 60 லட்சம். ஏனைய பண்டங்கள் 3 கோடியே 10 லட்சம். ஆக மொத்தம் 25 கோடி. பொன்னே செல்வமென்று பலர் மயங்கிய காலத்தில், நாணயம் நாற்பதில் ஒரு பங்கிற்கும் குறைவென்று அக்கணக்குக் காட்டிற்று. ஜனங்களின் ஆண்டுச் செலவு 4 கோடி எனக் கொண்டு, உடைமையின் வரவு ஒன்றரைக் கோடி போக, எஞ்சிய இரண்டரைக் கோடியும் உழைப்பின் பயன் என்றார். குடிமதிப்பு இல்லாத அந்நாளில் இவ்வெண்களிற் பல உய்த்துணர்ந்தனவே. எனினும் வழி புதிது.

1662-இல் வெளியிட்ட வரி நூலில், வேலையற்றோரைக் கொண்டு சாலையும் பாலமும் அமைத்தல், ஆறுகளைப் படகு செல்லத் திருத்துதல் முதலியவற்றை வற்புறுத்தினார். பயனற்ற கட்டடமாயினும் எழுப்புதல் சோம்பியிருத்தலின் நன்று என்னுமளவும் சென்றார்.

1687-இல் இவர் காலஞ்சென்றார். இவர் எண்ணியது அன்றிருந்த உடைமை. இக்காலத்தார் ஒவ்வோராண்டும் புதிதாய்ச் சேரும் வீடு, சாலை, இயந்திரம், கப்பல் முதலிய நிலைச் சொத்துகளையே எண்ணி, அது தேசிய வருமானத்தில் எத்தனை பங்கு என நோக்குவர். ஐக்கிய நாடுகள் சபை 1953-இல் வெளியிட்ட தேசியக் கணக்கு முறையிலும் இஃது இடம்பெற்றது. அப்பங்கு உயர்ந்தால் நாடு வருங்காலத்திற்கு வித்திடுகின்றதென்றும், தாழ்ந்தால் வித்தையும் உண்கின்றதென்றும் பெரும்பாலும் கொள்வர்.

ஆயினும், ஆளில்லா மாளிகையும் அறுவடைக்கு உதவும் மதகும் செலவு ஒத்திருப்பின் அக்கணக்கில் ஒன்றே. எவ்வளவு கட்டினோம் என்பதை எண் உரைக்கும்; எவர் நிலத்தில், எவர் பொருட்டுக் கட்டினோம் என்பதை உரையாது. பெட்டியாரிடம் எண்ணுந் திறத்தைக் கற்போம். அவர் சங்கிலி அளவாது விட்டதையும் மறவாதிருப்போமாக.