ஜோன் பொஸ்டல் (1943 – 1998): இணைய முகவரிகளின் பதிவாளர்

வலையமைப்பில் இணையும் ஒவ்வொரு கணினிக்கும் ஐ.பி. முகவரி தேவை என்பதை நீங்கள் கற்றிருப்பீர்கள். ஒரே எண் இரு வேறு தேவைகளுக்கு வழங்கப்பட்டால் தரவு யாரைச் சென்றடையும் என்பதில் குழப்பம் ஏற்படும். எனவே எந்த எண் யாருக்கு உரியது எனக் குறித்துவைக்க எல்லோரும் நம்பும் பதிவேடு ஒன்று வேண்டும். அந்தப் பதிவேட்டைக் கால் நூற்றாண்டுக்கு மேலாகப் பேணியவர் ஜோன் பொஸ்டல் ஆவார்.

இளமையும் கல்வியும்

இவர் 1943 ஓகஸ்ட் 6 ஆம் திகதி ஐக்கிய அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் பிறந்தார். லொஸ் ஏஞ்சல்ஸிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் 1966 இல் பொறியியல் இளமாணிப் பட்டத்தையும், 1968 இல் முதுமாணிப் பட்டத்தையும், 1974 இல் கணினி விஞ்ஞானத்தில் கலாநிதிப் பட்டத்தையும் பெற்றார். இணையத்தின் முன்னோடியான ஆர்பாநெற்றின் முதலாவது செய்தி 1969 ஒக்டோபர் 29 இல் இப்பல்கலைக்கழகத்திலிருந்தே அனுப்பப்பட்டது. அக்காலத்தில் பொஸ்டல் அங்கு ஆய்வு மாணவராக இருந்தார்.

பதிவேடு தோன்றியமை

ஆர்பாநெற்றை உருவாக்கியோர் தமது யோசனைகளை ஆர்.எப்.சி. எனப்படும் இலக்கமிட்ட ஆவணங்களாக வெளியிட்டனர். இவ்வரிசையின் பதிப்பாசிரியராகப் பொஸ்டல் இறக்கும்வரை பணியாற்றினார். வெவ்வேறு சேவைகளுக்கு வேண்டிய எண்களை ஒருவரே பொறுப்பேற்று வழங்க வேண்டும் என 1972 இல் முன்மொழிந்த அவர், அப்பொறுப்பைத் தாமே ஏற்றார். இப்பணியே பிற்காலத்தில் ஐ.ஏ.என்.ஏ. என்னும் பெயர் பெற்றது. 1977 இல் அவர் தென் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் தகவல் விஞ்ஞான நிறுவனத்திற் சேர்ந்தார். பதிவேடும் அவருடன் அங்கு சென்றது.

நெறிமுறைகள்

வின்ற் சேர்ஃப், பொப் கான் ஆகியோர் வகுத்த அடிப்படையில் வளர்ந்த ஐ.பி., ரி.சி.பி. நெறிமுறைகளின் 1981 ஆம் ஆண்டு ஆவணங்களைப் பதிப்பித்தவர் பொஸ்டல். யூ.டி.பி. (1980), மின்னஞ்சலுக்கான எஸ்.எம்.ரி.பி. (1982) ஆகியவற்றின் ஆவணங்களையும் அவரே எழுதினார். அனுப்பும்போது விதிகளை இறுக்கமாகப் பின்பற்ற வேண்டும், பெறும்போது சிறு குறைகளைப் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்பது அவர் கொள்கை. 1983 ஜனவரி 1 இல் ஆர்பாநெற் புதிய நெறிமுறைகளுக்கு மாறியது.

குழு முகவரி

1981 ஆவணத்தின்படி ஐ.பி. முகவரி 32 பிற்றுகளைக் கொண்டது. 0 இல் தொடங்குவன ஏ வகுப்பு, 10 இல் தொடங்குவன பீ வகுப்பு, 110 இல் தொடங்குவன சீ வகுப்பு எனப் பிரிக்கப்பட்டன. 111 இல் தொடங்கும் எட்டில் ஒரு பங்கு முகவரிகள் எதிர்காலத் தேவைக்கென ஒதுக்கி வைக்கப்பட்டன.

அந்த ஒதுக்கத்தின் பயன் சில ஆண்டுகளில் தெரிந்தது. ஒரே ஒலி அல்லது ஒளிக்காட்சியை 100 கணினிகளுக்குத் தனித்தனியே அனுப்பினால், அனுப்புநர் 100 பிரதிகளை அனுப்ப வேண்டும். எல்லோருக்கும் பரப்பினால், வேண்டாதவர்களும் அதைப் பெறுவர். இதற்குத் தீர்வாக ஸ்ரன்போர்ட் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்த ஸ்ரீவ் டீரிங் மல்ரிகாஸ்ற் முறையை வகுத்தார். அதன் நியமம் 1989 இல் வெளியாயிற்று. இதற்கென 1110 இல் தொடங்கும் டீ வகுப்பு, அதாவது 224.0.0.0 முதல் 239.255.255.255 வரையான முகவரிகள் வழங்கப்பட்டன.

இம்முகவரி தனிக் கணினி ஒன்றைக் குறிக்காது. ஒரு குழுவைக் குறிக்கும். குழுவிற் சேர விரும்பும் கணினி ஐ.ஜி.எம்.பி. நெறிமுறை மூலம் தன் வழிப்படுத்திக்கு அறிவிக்கும். அனுப்புநர் ஒரு பிரதியை மட்டும் அனுப்புவார். பாதை பிரியும் இடங்களில், உறுப்பினர் உள்ள கிளைகளுக்கு மட்டும் வழிப்படுத்திகள் பிரதி எடுத்து அனுப்பும். குழு முகவரி பெறுநர் முகவரியாகவே வரும். அனுப்புநர் முகவரியாக வராது.

224.0.0.1 அதே வலையமைப்பிலுள்ள எல்லாக் கணினிகளையும், 224.0.0.2 எல்லா வழிப்படுத்திகளையும் குறிக்கும். இத்தகைய நிலையான குழு எண்களும் பொஸ்டலின் பதிவேட்டிலேயே பதியப்பட்டன. ஐ.பி. பதிப்பு 6 இல் எல்லோருக்கும் பரப்பும் முகவரியே இல்லை. அதன் வேலையையும் மல்ரிகாஸ்ற் செய்கிறது.

நாடுகளின் பெயர்கள்

ஆள்களப் பெயர்களில் எது நாடு, எது நாடல்ல என்னும் சர்ச்சையில் பொஸ்டல் தலையிடவில்லை. சர்வதேச நியம நிறுவனத்தின் நாட்டுக் குறியீட்டுப் பட்டியலை அப்படியே பின்பற்றினார். இலங்கைக்குரிய .எல்கே ஆள்களமும் 1990 இல் இம்முறைப்படியே வழங்கப்பட்டது.

1998 ஆம் ஆண்டுச் சோதனை

இணையம் வணிகமயமானதும் இப்பதிவேடு யாருக்குரியது என்ற வினா எழுந்தது. 1998 ஜனவரி 28 இல், வேர்ச் சேவையகங்களுள் எட்டின் பொறுப்பாளர்களிடம், அரச ஒப்பந்த நிறுவனத்தின் சேவையகத்தை விட்டுத் தமது சேவையகத்திலிருந்து தரவைப் பெறுமாறு பொஸ்டல் மின்னஞ்சல் மூலம் கேட்டார். அவர்கள் அவ்வாறே செய்தனர். அமெரிக்க அரசு கடுமையாக ஆட்சேபித்தது. இது ஒரு பரிசோதனை என விளக்கிய அவர், பழைய நிலைக்கு மீளச் செய்தார். பதவி அதிகாரம் இல்லாத ஒருவரின் சொல்லை உலகின் முக்கிய சேவையகங்கள் ஏற்றன என்பது அவர் மீதிருந்த நம்பிக்கையைக் காட்டியது. இணையம் தனியொருவரில் தங்கியிருப்பதன் ஆபத்தையும் அதுவே உணர்த்தியது.

இப்பொறுப்பை ஏற்பதற்கென 1998 செப்டெம்பரில் ஐ.சி.ஏ.என்.என். நிறுவனம் அமைக்கப்பட்டது. அதனை உருவாக்க உழைத்த பொஸ்டல், இதய சத்திரசிகிச்சையின் பின்னான சிக்கலால் 1998 ஒக்டோபர் 16 இல் தமது 55 ஆவது வயதிற் காலமானார். அமெரிக்க அரசின் ஒப்பந்தம் 2016 இல் முடிவுற்றது. பதிவேடு இன்றும் தொடர்கிறது.

பயிற்சி வினாக்கள்

1. டீ வகுப்பு முகவரிகளின் வீச்சு யாது?
2. மல்ரிகாஸ்ற் முறையில் வலையமைப்பு நெரிசல் குறைவது எவ்வாறு?
3. 230.1.1.1 ஐ ஒரு கணினியின் சொந்த முகவரியாக வழங்க முடியுமா? காரணம் தருக.
4. 1998 ஜனவரி நிகழ்வு உணர்த்திய இரு விடயங்களைக் குறிப்பிடுக.