தடுப்பூசியை முதலில் தமக்கே செலுத்திக்கொண்ட ஹாஃப்கின்

மும்பையில் 1896-ஆம் ஆண்டு பிளேக் நோய் பரவியபோது, தடுப்பூசி உருவாக்கும் பொறுப்பு வால்டெமர் ஹாஃப்கினிடம் ஒப்படைக்கப்பட்டது. ஒடெசாவில் 1860-இல் பிறந்த அவர், பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தில் பணியாற்றியவர். 1893 முதல் இந்தியாவில் காலரா தடுப்பூசியைச் செலுத்தி வந்தவர்.

பிளேக் கிருமிகளை வளர்த்து, வெப்பத்தால் கொன்று அவர் மருந்து தயாரித்தார். இறந்த கிருமி நோயை உண்டாக்காது; ஆயினும், நோய் எதிர்ப்பு மண்டலம் அதனை அடையாளம் கண்டு எதிர்ப்பொருள்களை உருவாக்கும். பின்னர் உயிருள்ள கிருமி நுழைந்தால், உடல் விரைந்து எதிர்த்து நிற்கும். 1897 ஜனவரி 10-ஆம் தேதி அதனை முதலில் தமக்கே செலுத்திக்கொண்டார். காய்ச்சலும் வலியும் கண்டு, பின்னர் தேறினார்.

அன்றைய பஞ்சாபின் முல்கோவால் கிராமத்தில் 1902-இல் தடுப்பூசி செலுத்திக்கொண்ட 19 பேர் டெட்டனஸ் நோயால் உயிரிழந்தனர். அனைவருக்கும் ஒரே குப்பியிலிருந்து மருந்து செலுத்தப்பட்டிருந்தது. ஹாஃப்கின் பணியிலிருந்து விலக்கப்பட்டார். குப்பி கிராமத்தில் திறக்கப்பட்டபோது மாசடைந்திருக்கலாம் என அறிவியலாளர்கள் சுட்டிக்காட்டியதைத் தொடர்ந்து, 1907-இல் அவர் மீதான பழி நீங்கியது. அவர் மீண்டும் இந்தியா வந்து பணியாற்றினார்.

மும்பையில் அவர் நிறுவிய ஆய்வகத்துக்கு 1925-இல் ஹாஃப்கின் நிறுவனம் எனப் பெயர் சூட்டப்பட்டது. 1930-இல் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் அவர் காலமானார்.